கோல்ஃப் மலையேறிய வருடம்

மேற்கு மலைக் கதைகள் – 17

போன வாரம் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையடியில் நின்றோம். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், எதிர்ப்பு எழுந்ததும், மலை இன்னும் குடையப்படாமல் நிற்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறுபடி சொல்ல இடமில்லை.

இந்த வாரம் பழனி மலை மேல் ஏறி, கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழியும் ஆடி இறங்குவதாகப் பேச்சு. கிளம்புவதற்கு முன்பே ஒரு வருடக் கணக்கு குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லாமல் முதல் பந்தை அடிக்க மனம் வரவில்லை.

1895.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கிய வருடம் அது. அதே 1895 அக்டோபரில்தான் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு முல்லைப் பெரியாறு அணையைத் திறந்து வைத்தார். அதே அக்டோபரில்தான், அதே வென்லாக், கொடைக்கானலில் சூரிய ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கம்பம் பள்ளத்தாக்கின் தெற்கு முனையில் ஓர் ஆற்றைக் கிழக்கே திருப்பிவிட்ட விழா. வடக்கே நிமிர்ந்து நிற்கும் பழனி மலையில் சூரியனைப் பார்ப்பதற்குக் கல் வைத்த விழா. இரண்டும் ஒரே மாதத்தில், ஒரே ஆளின் கையால் நடந்தன. மலைமேல் வெள்ளைக்காரர்கள் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்ததும் அந்த வருடமே. தேனி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் வரலாற்று வகுப்பை இந்த ஒரு வருடத்திலிருந்து தொடங்கலாம். பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியே பார்த்தாலே பாடம் தெரியும்.

பெரியாற்றைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 15-ஆம் தேதி பாலார்பட்டியில், பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரால். தேவாரம், போடிப் பக்கத்துக் கண்மாய்கள் 18-ஆம் கால்வாயை எதிர்பார்த்துக் காத்திருப்பதும் அந்தத் தண்ணீருக்காகத்தான். இந்தத் தொடருக்கு அதில் முக்கியமான செய்தி இன்னொன்று. அணையில் தேங்கிய தண்ணீரைத் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டுவர மலையை ஒரு மைலுக்கு மேல் குடைய வேண்டியிருந்தது. பொட்டிப்புரத்தில் ஆய்வகத்துக்காகத் திட்டமிட்ட குகையும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்தான். அதே மேற்கு மலையில், நூற்றிருபது வருடத்துக்கு முன்பே, வெடிமருந்தையும் மனித உழைப்பையும் நம்பி அப்படி ஒரு குகையைக் குடைந்திருக்கிறார்கள்.

சூரிய ஆய்வகத்துக்காக 1899-ல் சென்னை ஆய்வகத்தின் கருவிகள் மலைக்கு வந்து சேர்ந்தன. 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகத்து வானியல் புத்தகங்களில் இன்றும் அது ‘எவர்ஷெட் விளைவு’. ஒரு மலையின் உச்சியில் ஏறிச் சூரியனைப் பார்த்தார்கள். இன்னொரு மலையின் வயிற்றுக்குள் இறங்கி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பிடிக்க 50,000 டன் காந்த இரும்பை வைக்க நினைத்தார்கள். இரண்டு மலைக்கும் நடுவில் வைகைச் சமவெளி கிடக்கிறது.

1895-ன் இந்த மூன்றில் கோல்ஃப்தான் சின்னச் செய்தி. ஆனால் அதை இழுத்தால் பெரியகுளத்துக்காரர்களின் கதை முழுக்க வருகிறது. ஏனென்றால், அந்த வருடம் கொடைக்கானலுக்கு வண்டிச் சாலையே கிடையாது.

இன்று பொட்டிப்புரத்திலிருந்து கோல்ஃப் மைதானத்துக்குப் போகிறவர் போடி, தேனி, பெரியகுளம் தாண்டி காட்ரோட்டில் இடது பக்கம் திரும்பி மலையேறுகிறார். டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எலிவால் அருவியைப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்து, மதியத்துக்குள் ஊர் போய்ச் சேரலாம். இந்தச் சாலையை 1870-களில் மேஜர் லா என்ற அதிகாரி வகுத்தார். வேலை பாதியில் நின்று, பல வருடம் கிடந்தது. பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது 1916-ல்தான். அதாவது கோல்ஃப் கிளப் தொடங்கி இருபத்தோரு வருடம் கழித்து!

அப்படியானால் 1895-ல் எப்படிப் போனார்கள்? சென்னையிலிருந்து வருகிறவர் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்குவார். இன்று ‘கொடைக்கானல் ரோடு’ என்று பலகை வைத்திருக்கும் அதே ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டி. வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி தாண்டிப் பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரைக்கும் அதில்தான். மலையடி அங்கே. அதற்கு மேல் மட்டக் குதிரை, டோலி, அல்லது சொந்தக் கால். செண்பகனூர் வழியாகச் சுமார் 12 மைல் ஏற்றம். வெள்ளைக்காரர்கள் அந்தப் பாதையைக் ‘கூலி காட்’ என்றார்கள்.

இதற்கும் முந்தியது வெள்ளகவிப் பாதை. 1821-ல் லெப்டினென்ட் வார்டு என்ற நில அளவையாளர் மலையேறியபோது அவர் தங்கியது வெள்ளகவியில். குன்னுவர்கள் என்ற மலை மக்கள் அங்கே அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஊர் எல்லைக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை இன்றுவரை காக்கிற கிராமம் அது. கும்பக்கரை அருவிக்கு மேலே ஏறி வெள்ளகவி, வட்டக்கானல் வழியாகக் கொடைக்கானல் போகிற நடைப் பயணிகள் இன்றும் அங்கே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

மலைமேல் போனதெல்லாம் மனிதர்களின் தலையிலும் தோளிலும் போனது. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளிக் காய்ச்சலில் குடும்பங்கள் செத்துக்கொண்டிருந்தன. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதனால் இன்னும் உயரமான மலையைத் தேடி வந்தார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். ஏரியில் விட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது. கடற்கரையிலிருந்து ஏழாயிரம் அடி உயரத்துக்கு, சாலையில்லாத மலையில், ஒரு படகு! அதைத் தூக்கி வந்தவர்கள் ஒவ்வொரு கொண்டை ஊசித் திருப்பத்திலும் எப்படி வளைத்திருப்பார்கள் என்று மலைப்பாதையில் நடந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம். சூரிய ஆய்வகத்தின் தொலைநோக்கிகளும் சாலை திறப்பதற்கு முன்பே மேலே போய்விட்டவை. அவற்றோடு பார்த்தால் கோல்ஃப் மட்டைகள் லேசான சுமை.

ஏரியோடு லெவிஞ்ச் பெயர் நின்றது. சாலையோடு லா பெயர் நின்றது. சுமந்தவர்கள் ‘கூலி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட்டார்கள். கொடைக்கானலின் அழகைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த அழகை அனுபவிப்பதற்கான வசதி ஒவ்வொன்றும் பெரியகுளத்து மலையடியிலிருந்து ஏறியது என்பதை எழுதியவர்கள் குறைவு. இந்தத் தொடர் அதை எழுதாமல் நகராது.

இனி மைதானம்.

ஏரியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, தூண் பாறைக்குப் போகிற வழியில் கிடக்கிறது கோல்ஃப் மைதானம். தட்டையாக ஓர் இடமும் கிடையாது. புல்வெளி மேடும் பள்ளமுமாக உருண்டு போகிறது, ஓரங்களில் மரக்கூட்டம், அதற்கு அப்பால் மலை சட்டென்று அறுந்து விழுகிறது. பக்கத்திலேயே உள்ள பசுமைப் பள்ளத்தாக்கு முனையில் நின்றால், மஞ்சு விலகிய காலையில் கீழே வைகை அணையின் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடாகத் தெரியும். 1895-ல் முதலில் ஆடியவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்க முடியாது. வைகை அணை திறந்தது 1959-ல். ஆனால் அந்த அணைக்குப் பெரியாற்றுத் தண்ணீரும் வந்து சேர்கிறது. ஆக, இன்று கோல்ஃப் ஆட வந்தவர் ஆட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்த்து ரசிக்கிற நீர்ப்பரப்பில் 1895-ல் திருப்பிவிட்ட ஆறும் கலந்திருக்கிறது.

அந்தக் காலத்துப் பந்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் இழையைச் சுற்றிச் செய்த பந்தை அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர் உருவாக்கியது 1898-ல். அதற்கு முன் ஐம்பது வருடம் உலகம் ஆடியது கட்டாபெர்ச்சா பந்தில். மலேயா காடுகளில் ஒரு மரத்தைக் கீறி எடுக்கும் பால் அது. கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டபோது அதன் மேல் உறையாகப் பூசியதும் இதே பால்தான். கட்டியாக வரும், வெந்நீரில் போட்டால் இளகும், கையில் உருட்டிக் குளிர்ந்த நீரில் போட்டால் இறுகும். புதிதாக உருட்டிய வழவழப்பான பந்து காற்றில் சரியாகப் பறக்காமல் பொத்தென்று விழும். பல அடி வாங்கித் தழும்பேறிய பழைய பந்து நேராகவும் தூரமாகவும் போகும். ஆடிப் பார்த்தவர்கள் இதைக் கண்டுபிடித்த பிறகு, புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தித் தழும்பேற்றி விற்றார்கள். இன்றைய பந்தின் மேல் இருக்கும் சின்னக் குழிகள் அந்தத் தழும்புகளின் வாரிசு.

கட்டாபெர்ச்சாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குளிரில் நொறுங்கும். அடித்த வேகத்தில் பந்து இரண்டு மூன்று துண்டாகப் பறந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் விதி இருந்தது. பெரிய துண்டு எங்கே விழுந்ததோ அங்கே புதுப் பந்தை வைத்து ஆடலாம். மார்கழிக் காலையில் கொடைக்கானல் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். மட்டையின் கைப்பிடித் தண்டும் அன்று ஹிக்கரி மரம். எஃகுத் தண்டுக்கு, கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், 1929-ல்தான் அனுமதி கொடுத்தது.

இன்று ஆட்டம் தொடங்கும் முதல் டீ மேட்டில் பந்தை ஊன்றுகிறவர் கவனிக்க வேண்டியது வேறு. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கும் காற்று குறைவு என்பதால், சென்னையில் நூறு கஜம் போகும் அடி இங்கே ஏழெட்டுக் கஜம் கூடப் போகும். அதே மெல்லிய காற்றால் நெஞ்சு சீக்கிரம் வாங்கும். சமவெளியிலிருந்து வந்த அன்றே பையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டுக் குழியும் நடக்கலாம் என்று கிளம்புகிறவர் முதல் ஏற்றத்திலேயே நின்று மூச்சு வாங்குவார். ஓர் இரவு தூங்கி எழுந்து ஆடுவது உடம்புக்கும் ஆட்டத்துக்கும் நல்லது.

கண்ணையும் நம்ப முடியாது. மலைச் சரிவில் குழியைச் சுற்றி வெட்டிய கிரீனில் எது மேடு, எது பள்ளம் என்று பார்வைக்குச் சரியாகப் பிடிபடாது. பின்னால் நிற்கும் மலையின் சாய்வு கண்ணைக் குழப்பிவிடும். மேட்டுக்கு ஏறுகிறது என்று நினைத்துத் தட்டிய பந்து குழியைத் தாண்டி ஓடிப் புல் ஓரத்தில் போய் நிற்கும். இங்கே மட்டைப் பை சுமக்கும் கேடியின் சொல் கேட்பதுதான் ஆட்டம். அந்த மண்ணை அவர் பாதம் அறியும்.

இந்த மைதானத்தின் உண்மையான சொந்தக்காரர்கள் காட்டுமாடுகள். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நிற்கும் அந்தக் கரிய உருவங்கள் விடியற்காலையிலும் அந்தியிலும் ஆட்டப் பாதையான ஃபேர்வேயில் மேய்வது இங்கே வாடிக்கை. வளர்ந்த ஆண் மாடு ஒரு டன் எடையைத் தொடும். பார்க்கச் சாதுவாக இருக்கும். நெருங்கினால் குத்தும். கொடைக்கானலில் காட்டுமாடு முட்டிக் காயப்பட்டவர்கள், உயிரிழந்தவர்கள் உண்டு. செல்ஃபிக்காகக் கிட்டே போவது மடமை.

காட்டுமாட்டின் காலடியில் பந்து போய் நின்றுவிட்டால்? இந்த வாரம் விதிப் புத்தகத்தைப் புரட்டியதில் கிடைத்த மகிழ்ச்சி இது. செயின்ட் ஆண்ட்ரூஸும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் திருத்தி 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில் 16.2 என்று ஒன்று இருக்கிறது. தலைப்பே ஆபத்தான விலங்குகளைப் பற்றியது. விஷப் பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, கரடி என்று உதாரணங்களும் உண்டு. பந்து கிடக்கும் இடத்தில் நின்று அடித்தால் விலங்கால் காயம் நேரலாம் என்றால், ஆபத்தில்லாத இடத்துக்குத் தள்ளிப்போய், குழிக்கு நெருங்காமல், தண்டனை அடி இல்லாமல் பந்தைப் போட்டு ஆடலாம். காட்டுமாடு அந்தப் பட்டியலில் பெயரோடு இல்லாவிட்டாலும், விதியின் நியாயம் அதற்கும் முழுக்கப் பொருந்தும்.

இன்னொரு விதி இதைவிட நுணுக்கமானது. மழை பெய்து ஈரமான கிரீனில் இரவு ஒரு மாடு நடந்துபோயிருக்கிறது. காலையில் பார்த்தால் இரண்டாகப் பிளந்த குளம்பின் அச்சு ஒரு விரல் ஆழத்துக்குப் பதிந்து, விளிம்பில் புல் மேலே பிதுங்கி நிற்கிறது. பந்துக்கும் குழிக்கும் நடுவே நேராக அந்தப் பள்ளம். பழைய காலத்தில் கிரீனில் இப்படிப்பட்ட தடத்தைத் தொட அனுமதியில்லை. 2019 விதி 13.1-ன்படி, கிரீனில் விலங்கின் காலடித் தடத்தையும் குளம்புப் பள்ளத்தையும் ஆட்டக்காரர் சரிசெய்துகொள்ளலாம். விளிம்பைச் சுற்றிச் சின்ன முள்ளைக் குத்தி, புல்லை நடுவை நோக்கி நெருக்கி, புட்டர் மட்டையின் அடிப்பாகத்தால் மெல்லத் தட்டி அமர்த்துகிறார். தடம் மறைந்துவிடும். ஆனால் இது கிரீனுக்கு மட்டும். ஃபேர்வேயில் அதே குளம்புப் பள்ளத்துக்குள் பந்து உட்கார்ந்துவிட்டால், கிடந்தபடிதான் அடிக்க வேண்டும்.

உகாண்டாவில், விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படும் ஜிஞ்சா ஊர் மைதானத்தில், நீர்யானையின் கால்தடத்தில் விழுந்த பந்தை எடுத்து வெளியே வைக்கலாம் என்று உள்ளூர் விதியே எழுதி வைத்திருந்தார்கள். கொடைக்கானலுக்கும் அப்படி ஓர் உள்ளூர் விதி பொருத்தமாக இருக்கும். காட்டுமாட்டின் மேய்ச்சல் நிலத்தில் மனிதர் ஆடுகிறார் என்ற உண்மையை அது எழுத்தில் ஏற்றுக்கொள்ளும்.

அந்த உண்மையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பழனி மலையின் மேல்தளம் இயற்கையில் புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும். அந்தப் புல்வெளியின் பெரும்பகுதியில் சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டு மூடிவிட்டார்கள். புல்லை நம்பி வாழ்ந்த விலங்குக்கு மேய்ச்சல் சுருங்கியது. திறந்த புல் மிச்சமிருக்கும் இடங்களில் கோல்ஃப் மைதானமும் ஒன்று. மாடு அங்கே வராமல் எங்கே போகும்? மைதானத்தைச் சுற்றி மின்வேலி போட வேண்டும் என்று கோபப்படுகிறவர்கள், சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்று அதைவிட உரக்கக் கேட்க வேண்டும்.

ஆட ஆசைப்படுகிற வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. கிளப்பில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். காலையில் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு ஏறினால் அடித்த பந்து மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் கேடியும் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்த மலையில்தான் கொட்டும். அப்போது அடுக்கம் வழியாகப் பெரியகுளத்திலிருந்து ஏறும் புதுச் சாலையில் மண் சரியும். காட்ரோடு வழியே உசிதம்.

பதினெட்டில் பாதிக் குழியைக்கூட இன்னும் ஆடவில்லை. அதற்குள் பக்கம் நிறைந்துவிட்டது. மீதியை அடுத்த வாரம் ஆடலாம். அதோடு டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கிய மூணாறு தேயிலையின் கதையும் வரும். அதுவும் போடி வழியாக ரயிலுக்குப் போன சுமைதான்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். பெரியகுளம், கும்பக்கரை, கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு, செண்பகனூர், வெள்ளகவிப் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ பூட்டனோ கூலி காட்டில் டோலி தூக்கியதாக, சுமை ஏற்றியதாகப் பேச்சு உண்டா? எவ்வளவு சுமை, எங்கே இளைப்பாறினார்கள், என்ன கூலி, பாதையில் எந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று கேட்டது கேட்டபடி எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். வந்த கடிதங்களுக்கு இந்தத் தொடரில் தனி வாரம் ஒதுக்கப்படும்.